0.4 கிராம் கருப்பு

காருக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட் கலக்கும் நாளெல்லாம் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் திரும்ப வந்துவிடுகிறது. நடந்து மூன்று வருடம் ஆகிறது. அதே மிக்ஸிங் ரூமில்தான் இன்னும் நிற்கிறேன். நான் கலப்பதை வண்டியில் அடிக்கிற பெயிண்டர் அண்ணனும் இங்கேயேதான் இருக்கிறார்.

விஷயம் சின்னது. பின்பக்க டோர் ஒன்று, 120 கிராம் பேஸ் கோட், அதாவது கலர் தரும் பூச்சு. ஃபார்முலாவில் எட்டு டின்ட்டர், கலக்குகிற மூல நிறங்கள். அதில் கருப்பு 0.4 கிராம். எல்லாவற்றையும் ஊற்றி முடித்துக் கலக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து குச்சியை வாங்கினார். தூக்கிப் பிடித்து, பெயிண்ட் வழிந்து இறங்குவதை நேராக ஒருமுறை பார்த்தார், சாய்த்து ஒருமுறை பார்த்தார்.

"கருப்பு தூக்கலா இருக்குது தம்பி. ஒரு கார்டு அடிச்சுப் பாத்துரலாமா?"

"0.4தான் விட்டிருக்கேங்ண்ணா. தராசு பொய் சொல்லாது."

என்னை ஒரு நொடி பார்த்தார். "சரிங்க" என்று டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்ப்ரே பூத்துக்குப் போய்விட்டார்.

அதுவரை என்னிடம் அவர் "சரிங்க" சொன்னதே இல்லை. கொங்குப் பக்கம் சின்னப் பையனுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம், அது மரியாதை. ஆனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்னை வா, போ என்று பேசியவர் திடீரென்று 'ங்க' போட்டால் அது மரியாதை மட்டும் இல்லை. எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்தும் நான் அவர் பின்னால் போகவில்லை. டெலிவரி அவசரம் என்று சொல்லிக்கொண்டேன். சோதனைக்கு ஒரு கார்டில் அடித்து, மேலே கிளியர் என்கிற பளபளப்புப் பூச்சு போட்டு, காய வைத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

திங்கள் காலை வெயிலில் வண்டியை நிறுத்தியபோது டோர் ஒரு ஷேட் கருத்து நின்றது. டியூப் லைட்டில் தெரியாதது வெயிலில் தெரிந்துவிடும். கஸ்டமர் ஒன்றும் கத்தவில்லை, விரலால் டோரையும் பக்கத்துப் பேனலையும் மாற்றி மாற்றித் தொட்டுக் காட்டினார். மேனேஜர் என்னிடம் வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். எடை சரி என்று எட்டு வரியும் பச்சை. "அப்போ ஸ்ப்ரே கன்னை ஈரமா ஓட்டியிருப்பாரு" என்றார். அது சாத்தியம்தான். சில்வரை ஈரமாக அடித்தால் அலுமினியத் துகள் கீழே அமுங்கிக் கருக்கும், உலர அடித்தால் வெளுக்கும். அண்ணன் மறுபடி தேய்த்து, நிற வித்தியாசம் தெரியாமல் இருக்க இரண்டு பக்கப் பேனலுக்கும் பிளெண்ட் கொடுத்து முடித்தார். அந்த வேலைக்கான இன்சென்டிவ் அவருக்கு வரவில்லை.

நான் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தராசு வேண்டும் என்று இங்கே சண்டை போட்டு வாங்க வைத்தவன் நான். அதற்கு முன்பு கண்ணால்தான் கலந்தோம். அண்ணன் கண் சாதாரணக் கண் இல்லை. ஆனாலும் ஒரு மெரூன் கலருக்காக அவரே ஒரு நாள் முழுக்க நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர் கண்ணில் இருந்தது எந்த நோட்டிலும் இல்லை. ஆறு மாதம் கழித்து அதே வண்டி வேறு பக்கம் இடித்துக்கொண்டு வந்தால், முதலிலிருந்து ஆரம்பம். ஒரே கலர் நம்பருக்கு நான்கைந்து வேரியன்ட் இருக்கிற காலத்தில் கண்ணை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. டப்பாவில் ஈரமாக இருக்கும் சில்வரை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது, கிளியர் ஏறிக் காய்ந்தால் அது வேறு. இதையெல்லாம் இன்றைக்கும் நம்புகிறேன்.

இரண்டு மாதம் கழித்து தராசு சர்வீஸுக்கு ஆள் வந்தார். எடைக்கல்லை வைத்தார், 500.0 காட்டியது. சரியாக இருக்கிறது என்றார். கிளம்பும்போது, "ஒவ்வொரு டின்ட்டருக்கும் டேர் அழுத்துவீங்களா?" என்று கேட்டார். டேர் என்றால் தராசைப் பூஜ்யமாக்கும் பட்டன். ஆமாம் என்றேன். அப்புறம்தான் சொன்னார். தூசியிலும் சூட்டிலும் பூஜ்யம் மெல்ல நகர்ந்துபோகாமல் இருக்க, தராசு அதைத் தானாகவே திரும்பப் பூஜ்யத்துக்கு இழுத்துக்கொள்ளுமாம். மெதுவாக ஒவ்வொரு சொட்டாக விட்டால், அந்தச் சொட்டையும் நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடும்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். ஏசியை அணைத்தேன். காலிக் கப்பை வைத்து டேர் அழுத்தினேன். கருப்பு டின்ட்டரின் லீவரை லேசாக அமுக்கி ஒரு சொட்டு விட்டேன். 0.0. ஐந்து எண்ணிவிட்டு இன்னொரு சொட்டு. 0.0. கப்பின் அடியில் ஐந்து சொட்டுக் கருப்பு ஒன்றாகச் சேர்ந்து மினுங்கியது. தராசில் 0.0.

ஒரு சொட்டு ஏறத்தாழ 0.02, 0.03 கிராம். 0.4 என்று காட்டும்போது உள்ளே 0.5க்கும் மேல் விழுந்திருக்கலாம். 120 கிராம் சில்வருக்கு அது கண்ணில் தெரிகிற கருப்பு.

அன்று நான் அவ்வளவு மெதுவாகவா விட்டேன்? கருப்பு டின்ட்டரின் மூக்கில் பெயிண்ட் காய்ந்து அடைத்திருந்ததாகவும், துணியால் துடைத்ததாகவும், சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியதாகவும் ஞாபகம். அந்த ஞாபகம் சர்வீஸ்காரர் பேசிய பிறகு வந்ததா, முன்பே இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கன் ஈரமாகவே ஓடியிருக்கலாம். இரண்டும் சேர்ந்திருக்கலாம். நிச்சயம் இல்லாததை மேனேஜரிடம் போய் எப்படிச் சொல்வது என்று அன்று யோசித்தேன். ஆனால் அண்ணன் மேல் பழி விழுந்தபோதும் யாருக்கும் நிச்சயம் இருக்கவில்லையே.

நான் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். நடுவில் டேர் அழுத்துவதில்லை, எடையைக் கூட்டிக்கொண்டே போகிறேன். பூஜ்யத்தில் நிற்காத தராசு சொட்டை அப்படி விழுங்காது. துளி அளவு டின்ட்டர் வந்தால் பேட்சையே இரட்டிப்பாக்குகிறேன், மிச்சம் வீணானாலும் பரவாயில்லை. ஏன் மாற்றினேன் என்று மேனேஜரிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறோம்.

போன வாரம் புதிதாக வந்த பையன், பெயிண்டர் கலர் சரியில்லை என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். "மொதல்ல தராசைப் பாரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்ணன் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து டப்பாவை எடுத்தார். குச்சி உள்ளேயே கிடந்தது, தூக்கிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு காட்டுதுங்க?" என்று கேட்டார். சொன்னேன். சரிங்க என்று எடுத்துக்கொண்டு போனார்.