304 − 178: மூன்றாம் வகுப்பு, ஒரு பருவம்

ஜூலை 3

304 − 178. மொத்தம் 28 நோட்டு. 11 நோட்டில் 274. ஒன்பதில் 136. சரியான விடையான 126 ஆறு நோட்டில். மீதி இரண்டில் கேள்வியோடு சரி.

274 எப்படி வருகிறது என்பது தெரிந்ததுதான். 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக வேலை பார்க்கிறது: எட்டில் நாலு போனால் நாலு, ஏழில் சைபர் போனால் ஏழு, மூன்றில் ஒன்று போனால் இரண்டு. 136 வேறு வியாதி. அந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறுகளிடம் ஒன்றை வாங்கி நடுவிலிருக்கும் சைபரைப் பத்தாக்கியது, அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒன்றுகளுக்கும் கொடுத்தது. கொடுத்த பிறகு நடுவில் இருப்பது 9 என்பதை மட்டும் விட்டுவிட்டது.

இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே மாதிரி 'தப்பு' போட்டால் யாருக்கு எந்த மருந்து என்று எப்படித் தெரியும்?

பருவம் முடிய இன்னும் 52 பள்ளி நாள்.

ஜூலை 7

பயறு ஊறப் போட்டாயிற்று.

ஜூலை 8

நாலு டம்ளர். ஒன்று, ஈரப் பஞ்சோடு ஜன்னல் ஓரம். இரண்டு, அதே ஈரப் பஞ்சோடு அலமாரிக்குள். மூன்று, உலர்ந்த பஞ்சு. நாலு, விதை முழுக முழுகத் தண்ணீர். மூன்றாவதில் ஊறாத பயறைத்தான் போட வேண்டும். ஊறியதைப் போட்டால் அதிலும் வேர் எட்டிப் பார்க்கும், 'தண்ணியே வேண்டாம் போலிருக்கே' என்று வகுப்பே முடிவு கட்டிவிடும். பஞ்சை நனைத்துப் பிழிந்துவிட்டு வைக்க வேண்டும். சொட்டச் சொட்ட வைத்தால் ஒன்றாவது டம்ளரும் நாலாவதும் ஒன்றாகிவிடும்.

ஜூலை 11

நாலாவது நாறுகிறது. தண்ணீருக்குள் விதைக்குப் போதிய காற்று இல்லை, அழுகல்தான். பிள்ளைகளுக்கு இன்று இதில்தான் ஆர்வம்.

ஜூலை 15

அலமாரிக்குள் இருந்தது ஜன்னல் ஓரத்ததை விட உயரம். 'இருட்டில்தான் நல்லா வளருது' என்றார்கள் ஒரே குரலில். உயரத்தை மட்டும் அளக்கச் சொன்னது என் தவறு. அட்டவணையில் நிறம், தண்டின் பருமன், இலை என்று மூன்று கட்டம் சேர்த்த பிறகு வெளுத்த மஞ்சள், நூல் போன்ற தண்டு எல்லாம் கண்ணில் பட்டது. முளைக்க வெளிச்சம் தேவையில்லை, விதைக்குள் கட்டுச்சோறு இருக்கிறது. அது தீர்ந்த பிறகு வெளிச்சம் இல்லாமல் செடி பிழைக்காது. இந்த இரண்டையும் ஒரே நாளில் சொல்லக் கூடாது.

ஜூலை 17

சொல்வதை எழுதுதல், எண்கள். 'தொள்ளாயிரம்' என்றேன். பாதிப் பேர் 9000. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எழுநூறு, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த வரிசை திடீரென்று ஆயிரத்தில் போய் முடிகிறது. 'தொண்ணூறு' அதற்குத் தம்பி: நூறு என்று காதில் விழுகிறது, இருப்பதோ 90. இரண்டையும் சார்ட்டில் தனிக் கட்டமாக ஒட்டியாயிற்று. விதி சொல்லி விளக்க முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் படியும்.

முந்நூற்று நான்குக்கு 3004 எழுதியவர்கள் ஐந்து பேர். முந்நூறை முழுசாக எழுதிவிட்டுப் பக்கத்தில் நாலை ஒட்டவைக்கிறார்கள். நடுவில் இருக்கும் சைபர் காதில் விழுவதே இல்லை. கழித்தலில் விழுவதும் இதே பள்ளம்தான்.

ஜூலை 22

வகுப்பறையை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், வரை. எல்லா மேசைக்கும் நாலு கால்.

ஜூலை 23

மேசைக்குக் கால் இன்னும் போகவில்லை. டஸ்டர், ரப்பர், மூடி மூன்றையும் தரையில் வைத்து, நின்றபடி குனிந்து பார்த்து வரைய வைத்தேன். கால் போயிற்று. இப்போது வேறொன்று: வடக்கு என்றால் எல்லோரும் கூரையைக் காட்டுகிறார்கள். வரைபடத்தைச் சுவரில் மாட்டியதால் வந்த வினை. கழற்றித் தரையில் விரித்து, திசைக்கு ஏற்பத் திருப்பி வைத்தாயிற்று.

ஜூலை 31

'கொ' எழுதும் கையை இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் க. பிறகு பென்சில் காற்றில் நிற்கிறது. ஒற்றைக்கொம்பு முன்னால் வர வேண்டும் என்று நினைவு வந்ததும், முந்தைய எழுத்துக்கும் கவுக்கும் நடுவே இருக்கும் சந்தில் அதைத் திணிக்கிறது. கடைசியில் துணைக்கால். காதில் முதலில் விழுவது 'க்', கையில் முதலில் வருவது கொம்பு. 'கௌ' இன்னும் மோசம், கெ, ள என்று பிரித்துப் படிக்கிறார்கள்.

ண, ன, ந மூன்றுக்கும் ஒரு வழி உண்டு. அடுத்த எழுத்தைப் பார்: ட வந்தால் ண், ற வந்தால் ன், த வந்தால் ந். வண்டு, கன்று, பந்து. ஒரு வாரம் இதை மட்டும் செய்தால் பாதிப் பிழை குறையும்.

ஆகஸ்ட் 6

9 செ.மீ. பென்சில், 17 நோட்டில் 10 செ.மீ. ஸ்கேலை 1-லிருந்து வைக்கிறார்கள். எண்ணுவது ஒன்றிலிருந்துதானே! மறுபடியும் அதே சைபர். முனை உடைந்த ஸ்கேலைக் கொடுத்து 3-லிருந்து 12 வரை அளக்கச் சொன்னேன். கோடுகளை எண்ணியவர்களுக்கு 10, நடுவில் இருக்கும் இடைவெளிகளை எண்ணியவர்களுக்கு 9.

ஆகஸ்ட் 12

குச்சி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு, பத்துக் கட்டு சேர்த்து ஒரு பெரிய கட்டு. 3 பெரிய கட்டு, 4 உதிரி. பத்துக்கட்டு தனியாக ஒன்றுகூட வைக்கக் கூடாது, சைபர் என்றால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். 8 உதிரி எடு என்றால் கை நேராகப் பெரிய கட்டுக்குப் போகிறது. பிரிக்கிறார்கள், 10 சின்னக் கட்டு. அதில் ஒன்றைப் பிரித்தால்தான் உதிரி. அப்போது மிச்சக் கட்டுகளை எண்ணு: 9. அந்த ஒன்பதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நோட்டில் எழுத விட்டேன். குச்சியையும் நோட்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். இன்று குச்சி, நாளை நோட்டு என்றால் இரண்டும் சேரவே சேராது.

வேகமாக முடித்தவர்களுக்கு வேறு வழி: இரண்டு எண்ணிலும் 5 குறை. 299 − 173. கடனே இல்லை. 'அது எப்படி சார் ஒரே விடை?' என்ற ஒரு கேள்விக்காக நாள் முழுக்கக் காத்திருக்கலாம்.

26 நாள்.

ஆகஸ்ட் 13

குச்சியின் நிழல், மணிக்கொரு தடவை. எது மிகக் குட்டை? அளப்பதற்கு முன்பே 12 மணிக்கு என்று எழுதிவிட்டார்கள். அளந்ததில் வேறு நேரம் வந்ததும் அளவை அழித்து மாற்றினான் ஒருவன். மாற்றாதே என்றேன்.

ஆகஸ்ட் 21

வாய்ப்பாடு. பாட்டாகச் சொன்னால் தடங்கலே இல்லை, நடுவில் 7 × 8 கேட்டால் முதலிலிருந்து ஓடி வருகிறார்கள். 1, 2, 5, 10 தெரியும் என்று வைத்துக்கொள். 3 × 7-ம் 7 × 3-ம் ஒன்று. பத்து வரைக்கும் மிஞ்சுவது 21 பெருக்கல்தான். 21 அட்டை, நாளுக்கு மூன்று.

ஆகஸ்ட் 28

1/4 பெரியதா 1/3 பெரியதா? 'நாலுதான் பெரியது' என்றார்கள். நாலு பெரியதுதான், 1/4 அல்ல.

செப்டம்பர் 3

உருகும் ஐஸில் வெப்பமானி, நன்றாகக் கலக்கியபடி. 0-வை ஒட்டியே நிற்கிறது, ஐஸ் தீரும் வரை. 'சைபர்னா ஒண்ணுமில்லைனு சொன்னீங்க?'

செப்டம்பர் 9

500 − 236. 264 எழுதியவர்கள் 19. 374 என்று மூன்று நோட்டில்: ஒன்றுகளுக்கும் பத்து, பத்துகளுக்கும் பத்து, எதிலிருந்தும் எதுவும் குறையவில்லை. மீதிப் பேரை நாளை குச்சியோடு உட்கார வைக்க வேண்டும்.

8 நாள்.

டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 297 குச்சிதான் இருக்கிறது.