திருகோணமலையில் பார்த்த டெல்ஃப்ட்

போகிற வழி, தங்குமிடம், சாப்பாடு என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் அந்த பஸ்ஸைச் சொல்லிவிடுகிறேன், முதுகு இன்னும் வலிக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏசி பஸ் என்று காசு வாங்கினார்கள். வவுனியா வரும் முன்பே ஏசி நின்றுவிட்டது. கண்ணாடியோ திறக்க முடியாதது. கேட்டால், "இப்ப வந்திடும் அண்ணை" என்றார் நடத்துநர். திருகோணமலை வரை ஏசியும் வரவில்லை, என் மிச்சக் காசும் வரவில்லை. சாதாரண பஸ்ஸில் போங்கள், ஜன்னலாவது திறக்கும்.

இறங்கிய இடத்திலிருந்து விடுதிக்குப் பதினைந்து நிமிட நடை. அதற்கு ஆட்டோக்காரர் கேட்டது 1,000 ரூபா! இரண்டு நாளுக்கும் சேர்த்து 15,000தான் கையில். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

விடுதி, துறைமுகப் பக்கம் ஒரு பழைய வீடு. இரவு பிட்டும் கணவாய்க் கறியும் தந்தார்கள். கணவாய் அவ்வளவு பதமாக வெந்திருந்தது, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். அப்போதுதான் சுவரில் அந்தப் படம் கண்ணில் பட்டது. மங்கிப்போன அச்சுப் பிரதி. தண்ணீர், கரையில் படகுகள், மதில், வாசல் கோபுரங்கள், மேலே பாதிப் படத்துக்கும் அதிகமாக மேகம். "அது எங்கட துறைமுகம், தம்பி. ஒல்லாந்தர் காலத்துப் படம்" என்றார் வீட்டுக்கார அம்மா.

கிட்டப்போய்ப் பார்த்தேன். டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரம்! யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு டெல்ஃப்ட் என்றால் எங்கள் பக்கத்து நெடுந்தீவுதான். குமுதினிப் படகும் குதிரைகளும் கல் மதில்களும்தான். அந்தப் பெயரை நம் தீவுக்கு வைத்தவர்கள் ஒல்லாந்தர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டில் இருந்தது.

பிட்டு காய்ந்தாலும் பரவாயில்லை என்று அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றுவிட்டேன். 1660, 61 அளவில் வரைந்தது. மூலப்படம் ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசல் கோபுரத்துக் கடிகாரத்தில் காலை ஏழு தாண்டிவிட்டது. முன்னால் உள்ள மதிலும் வாசல்களும் மேக நிழலில் கிடக்க, பின்னாலிருக்கும் புதிய தேவாலயத்தின் கோபுரத்தில் மட்டும் வெயில். இக்கரையில் சில பெண்கள் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1654இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நகரின் ஒரு பகுதியே சிதறிப்போனது. சில வருடங்களில் அதே ஊரை இத்தனை அமைதியாக வரைந்திருக்கிறார் மனிதர்.

விடிய எழும்பி டச் பே கடற்கரைக்கு ஓடினேன். எதிரே சுவாமி மலை. கோட்டைப் பக்கம் இன்னும் நிழல், மேலே கோணேசர் கோயிலில் வெயில் பிடித்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தபோது வெர்மீருக்கு ஏழு வயதும் ஆகவில்லை. இடிபட்ட கோயில் இன்று மீண்டும் மலையில் நிற்கிறது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டே ஒரு மணிநேரம் இருந்தேன். நிலாவெளிக்குப் போகும் யோசனையையே விட்டுவிட்டேன், அதற்காகக் கவலையும் இல்லை.

காலைச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அப்ப எங்கட ஊரை ஒருத்தரும் கீறேல்லையோ?"

கீறியிருக்கிறார்கள் அம்மா. சாமுவேல் டேனியல் என்ற ஆங்கில ஓவியர் ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து பார்த்து வரைந்த திருகோணமலைத் துறைமுகம், 1808இல் அச்சில் வந்தது. அவர் இறந்ததும் இலங்கையில்தான், 1811இல். அதைப் பெரிதாக அச்செடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று இங்கே ஒரு ஸ்டூடியோவில் கேட்டால் பிரேமோடு 4,500 சொல்கிறார்கள். நாளை இன்னொரு கடையில் கேட்கவேண்டும்.