கடைசிப் பெயர் கட்டாயம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு இறங்கிக் கண் சொருகுகிற நேரம் பார்த்து மாமா லேப்டாப்போடு வந்தார். வழக்கம்போல சார்ஜர் வரவில்லை.

"மாப்ள, ஒரு ரெஸ்யூம் அடிச்சுக் குடு. பத்தே நிமிசம்."

எங்கள் வீட்டு போர் மோட்டாரை மாற்றியதும் மாமாவின் பத்து நிமிசம்தான். மூன்று நாள் பக்கத்து வீட்டில் குடம் பிடித்தோம்.

முப்பது வருசத்துக்கு மேல் சாயப்பட்டறையில் நின்ற மனுசன். புதுக் கம்பெனி முதலாளி இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். சம்பளம் வரைக்கும் பேசியாகிவிட்டது. ஆனால் எச்.ஆர். பெண் மட்டும் பிடிஎஃப்பில் ரெஸ்யூம் வந்தால்தான் ஆச்சு என்கிறதாம். சரி, இலவசமாகச் செய்து தருகிற தளம் ஒன்றைத் திறந்தேன். அங்கே பிடித்தது சனி.

முதல் பெயர் கேட்டது, கொடுத்தோம். அடுத்து கடைசிப் பெயர், அது கட்டாயமாம். இனிஷியலைப் போட்டேன். ஒற்றை எழுத்து செல்லாது என்று சிவப்பாக முறைத்தது. வேறு வழியில்லாமல் மாமாவின் அப்பா, அதாவது எங்கள் அப்புச்சியின் பேரை முழுசாக அடித்தேன். உடனே திரையின் மேலே அப்புச்சி பேரைச் சொல்லி, உங்கள் கனவு வேலை காத்திருக்கிறது என்றது. அப்புச்சி கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்ததே அபூர்வம். அவர் போய்ச் சேர்ந்தும் இருபது வருசம் ஓடிவிட்டது.

அப்புறம் பின்கோடு. ஐந்து எண்ணுக்கு மேல் அந்தக் கட்டம் வாங்க மாட்டேன் என்றது. "கடைசி நம்பரை உட்டுரு, போஸ்ட்மேனுக்கு என்னையத் தெரியும்" என்றார் மாமா. விட்டேன். 641 என்று தொடங்குவதைப் பார்த்ததும் அது தானாகவே மிசோரி மாநிலம், கான்சஸ் சிட்டி என்று நிரப்பிக்கொண்டது. திருப்பூருக்கும் கான்சஸ் சிட்டிக்கும் முதல் மூன்று எண் ஒன்று என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சொந்த ஊர் விவகாரம் இதைவிடக் கூத்து. மாமா 1968இல் மூலனூர்ப் பக்கம் பிறந்தபோது அது கோயம்புத்தூர் மாவட்டம். 1984இல் பத்தாவது முடித்த சர்டிபிகேட்டில் பெரியார் மாவட்டம். பழைய ரேஷன் கார்டில் ஈரோடு. 2009க்கு அப்புறம் திருப்பூர். வீடு ஒரு அடி நகரவில்லை, பொடக்காளியில் இருக்கிற வேப்பமரம்கூட அதே இடத்தில்தான் நிற்கிறது. நாலையும் நான் ஒழுங்காக அடித்து வைத்ததும், அடிக்கடி இடம் மாறுவதற்கான காரணத்தை விளக்கினால் நல்லது என்று ஒரு யோசனை சொன்னது அந்தத் தளம்.

இந்த யோசனை சொல்கிற புத்தி இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. 2011இல் உங்கள் வேலையில் ஓர் இடைவெளி தெரிகிறது, அந்தக் காலத்தில் என்ன புதிதாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டது. சாயத் தண்ணியால் நொய்யல் ஆறு கெடுகிறது என்று அந்த வருசம் ஜனவரியில் ஹைகோர்ட்டு பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லிவிட்டது. ஊரே வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பொரிகடலை வித்தேன்னு போடு" என்றார். எனக்கு அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாதாம்.

அடுத்தது திறமைகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி வரைக்கும் நாமே போட்டுக்கொள்ளலாம். "கலர் மேட்சிங்குக்கு அஞ்சும் போட்டுரட்டுங்களா மாமா?" என்றேன். பதில் சொல்லாமல் என் சட்டைக் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார். விரலால் துணியை நீவி, "கை ஒரு லாட்டு, உடம்பு ஒரு லாட்டு. எவனோ ஏமாத்தியிருக்கான்" என்றார். இரண்டு வருசமாகப் போடுகிற சட்டை. அதற்கப்புறம் எனக்கும் கை கொஞ்சம் வெளுத்தே தெரிகிறது, அதைப் போடுவதை விட்டுவிட்டேன்.

"நாலு போடு. டர்க்காய்ஸ் கலரு நம்மள அப்பப்ப ஏமாத்திருது. மத்ததெல்லாம் அறுவது டிகிரியில அடங்கும். அதுக்கு எம்பது வேணும், அப்படியும் அலச அலச வந்துட்டே இருக்கும்."

நாலு போட்டேன். ஒரு புள்ளி குறைகிறதே என்று தளம் வருத்தப்பட்டது.

ஒரு வழியாக டவுன்லோடு பொத்தானை அழுத்தினால் காசு கேட்டது. ஏழு நாளைக்கு ஒரு தொகை, அப்புறம் மாசாமாசம் தானாகப் பிடித்துக்கொள்ளுமாம். கீழேயே, எங்களை மேம்படுத்த உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று ஒரு பெட்டி. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் போல நான் எழுத எழுதச் சொன்னார்.

"ஐயன் பேருன்னு தனியா ஒரு கட்டம் வெய்யி. எங்கூருக்கு ஆறு நம்பர். வேலை ஏன் நின்னுச்சுன்னா கோர்ட்டைக் கேளு, என்னையக் கேக்காத. கூலி கேக்கறது ஞாயந்தான், ஆனா பந்தியில உக்கார்றதுக்கு முந்தியே சொல்லோணும். உண்டு எந்திரிச்சதுக்கப்பறம் எலைக்குக் காசுங்கறது என்ன பழக்கம்?"

தமிழில் அடித்ததெல்லாம் பெட்டிக்குள் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அப்படியே அனுப்பினேன். அப்புச்சி பேரைச் சொல்லி நன்றி வந்தது.

திங்கட்கிழமை ஒரு வெள்ளை ஏ4 தாளில் நானே அடித்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டேன். வேலை கிடைத்தது, அந்தக் கதை முடிந்தது.

அந்தத் தளம்தான் முடிக்கவில்லை. தினமும் காலையில் அப்புச்சி பேருக்கு ஒரு மெயில் வருகிறது. நேற்று கான்சஸ் சிட்டியில் பன்னிரண்டு வேலைகள் அவருக்குப் பொருத்தமாக இருக்கின்றன என்று நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த அம்மாயி கையை நிறுத்தினார். வீட்டுக்காரர் பேரை அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை.

"யாரைக் கண்ணு கூப்புடறாங்க?"

"அப்புச்சியத்தான் அம்மாயி. அமெரிக்காவுல வேலையாமா."

அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொருக்காப் படி, சித்தெ மெதுவா."