வலிக்காத புண் என்று விட்டுவிடாதீர்கள்

பிறப்புறுப்பில் ஒரு புண் வந்து அது வலிக்கவே இல்லை என்றால், தயவுசெய்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உடலுறவால் தொற்றும் சிபிலிஸ் என்ற நோய் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, மெல்லக் கிட்டே வந்து "அண்ணே, புண்ணுக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கே என்று கேட்டால் பதில் வராது. வலிக்கிறதா என்றால் மட்டும் "அதெல்லாம் இல்லண்ணே" என்று உடனே சொல்வார்கள்.

கிருமி தொற்றிய 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வாரம் போல, அது நுழைந்த இடத்தில் புண் வரும். பொதுவாக ஒன்றே ஒன்று, தொட்டால் கெட்டியாக இருக்கும், தொடை இடுக்கில் நெறி கட்டலாம். வாயிலும் ஆசனவாயிலும்கூட வரும். பெண்களுக்குக் கருப்பை வாயில் வந்தால் வந்ததே தெரியாது. கொத்தாகக் கொப்புளம் வந்து வலித்தால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ் என்ற வேறொரு தொற்று, ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது, டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை என்னவென்றால், இந்தப் புண் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். க்ரீம் போட்டாலும் ஆறும், வேப்பிலை அரைத்துப் பூசினாலும் ஆறும், எதுவுமே செய்யாவிட்டாலும் ஆறும், ஆனால் பெயர் என்னவோ அந்த க்ரீமுக்கும், லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒரு நாள் வந்து உட்காரும் வைத்தியருக்கும் போய்விடும். கிருமி ரத்தத்திலேயே இருக்கும். சில வாரமோ மாதமோ கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, பலருக்கு அரிப்பே இருக்காது, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். காய்ச்சல் வரலாம், திட்டுத்திட்டாக முடி கொட்டலாம். அதுவும் மறைந்துவிடும். அப்புறம் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது, சிலருக்கு 10, 20 வருடம் கழித்து இதயத்தையோ மூளையையோ பிடிக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனால் விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். கூடவே நம்பிக்கை மையத்தில் எச்ஐவிக்கும் பார்த்துவிடுங்கள். புண் வந்த புதிதில் சிபிலிஸ் பரிசோதனை நெகட்டிவ் வரலாம், அதை நம்பி இருந்துவிடாமல் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

மருந்து பழைய பென்சிலின்தான். 1943-இல் முதன்முதலாக இந்த நோய்க்குக் கொடுத்தார்கள், இன்றுவரை இந்தக் கிருமிக்கு அதை எதிர்க்கத் தெரியவில்லை. ஆரம்பக் கட்டம் என்றால் பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஒரே தடவை. நாள்பட்டது என்றால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை உண்டு, ஆனால் கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. ஊசி போட்ட அன்று சிலருக்குக் குளிர்காய்ச்சல் வரும், கிருமி சாவதால் வருவது, ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அது வேறு, அது அலர்ஜி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தனக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மனைவிக்குத் தொற்றியிருந்தால் உங்களுக்குத் திரும்பவும் வரும், அதைவிட மோசம், அவர் கர்ப்பமாக இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். கர்ப்பம் தெரிந்ததுமே இந்தப் பரிசோதனை எடுத்து, பாசிட்டிவ் என்றால் உடனே பென்சிலின் போட்டால் பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவமனை ஆலோசகரிடமே பேசச் சொல்லுங்கள்.

6 மாதம், 12 மாதம் கழித்து விடிஆர்எல் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 1:32 இருந்தது 1:8-க்கு வந்தால், அதாவது நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது. இதே நோய்க்கான டிபிஎச்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை மட்டும் குணமான பிறகும் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும். வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் இந்த நோய்க்கும் பார்ப்பார்கள், அதனால் ஊசி போட்ட சீட்டையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.