மோர் மாதிரி ஒரு கரைசல்

ஓசூரில் தகடு வெட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு ஜோடி மஞ்சள் கையுறை கொடுத்தார்கள். ஸ்வெட்டர் பின்னிய மாதிரி இருந்தது. இதுவா தகட்டு விளிம்பைத் தாங்கும் என்று நினைத்தேன். ஆறு வருடமாக விரல் பத்தும் பத்திரம். அந்த நூலின் பெயர் கெவ்லார். அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெபனி குவோலெக் என்ற வேதியியலாளர் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

எங்கள் வீடு பென்னாகரம் பக்கம், பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். நூல் என்று யார் பேசினாலும் காது கொடுத்துவிடுவேன்.

குவோலெக் 1923-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். மருத்துவம் படிக்க ஆசை. அதற்குப் பணம் சேர்க்கத்தான் 1946-ல் டூபாண்ட் என்ற வேதிப்பொருள் கம்பெனியில் சேர்ந்தார். அப்புறம் 1986-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

1960-களின் நடுவில் டயருக்குள் வைக்க எடை குறைந்த, உறுதியான இழை தேடிக்கொண்டிருந்தார்கள். இழை இழுக்கும் கரைசல் வழக்கமாகப் பாகு போலக் கெட்டியாக, தெளிவாக இருக்கும். அவருக்கு வந்ததோ மோர் மாதிரி நீர்த்து, கலங்கலாக இருந்தது. நானாக இருந்தால் கொட்டியிருப்பேன். எங்கள் புழு வளர்ப்பு மனையில் புழு உடம்பிலிருந்து வெள்ளையாகக் கசிந்தால் பால்புழு நோய் என்று அர்த்தம். உடனே பொறுக்கி எடுக்காவிட்டால் தட்டு முழுக்கப் பரவிவிடும். கலங்கலைப் பார்த்தால் கை தானாகவே வீசப் போகும்.

இழை இழுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவரும் அப்படித்தான். இதை ஊற்றினால் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று மறுத்துவிட்டார். குவோலெக் விடவில்லை. வடிகட்டிப் பார்த்து, துகள் எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, அவரைச் சம்மதிக்க வைத்தார். வந்த இழையின் விறைப்பு எண்ணை அவராலேயே நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொன்ன பிறகுதான் மற்றவர்களிடம் வாயைத் திறந்தார். எடைக்கு எடை எஃகைவிட 5 மடங்கு வலு.

கலங்கலுக்குக் காரணம் அழுக்கு இல்லை. கம்பி போல விறைத்த மூலக்கூறுகள் கரைசலுக்குள்ளேயே கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் அடுக்கி நின்றன. திரவப் படிகம் என்பார்கள். துளை வழியே பாயும்போது எல்லாம் ஒரே வரிசையாகிவிடும். சந்திரிகையில் (புழு கூடு கட்ட வைக்கும் தட்டில்) விட்ட புழு தலையை ஆட்டி ஆட்டி வாயிலிருந்து இழுப்பதும் ஏறக்குறைய இந்த வேலைதான்.

1974-ல் வந்த அவருடைய காப்புரிமை ஒன்றை (அமெரிக்க எண் 3819587) இணையத்தில் திறந்து பார்த்தேன். தலைப்பில் கெவ்லாரும் இல்லை, அந்த நூலில் செய்யும் குண்டு துளைக்காத உடையும் இல்லை. மூலக்கூறுகளின் திசைக் கோணம் 45 டிகிரிக்கும் குறைவான இழை என்று நீளமாக என்னவோ போகிறது. உலகமே தேடிய நூலுக்கு இப்படி ஒரு பெயர்!

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "அந்தம்மாவுக்கு எவ்ளோ கெடச்சுது?" என்று கேட்டார். கண்டுபிடித்தவர் என்று பெயர் அவருடையது, உரிமை கம்பெனியுடையது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், போன வாரம் தருமபுரி ஏலத்தில் நம் பட்டுக்கூடு கிலோ என்ன விலைக்குப் போனது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.