இரண்டு பூட்டுப் பெட்டியும் தாமஸ் க்ராம்வெல்லும்

நீலகிரியில் பழைய சர்ச் எதிலாவது தாத்தா பாட்டியின் ஞானஸ்நானத்தைத் தேடிப் போகிறவர்கள் கைக்கு வருவது கட்டம் போட்ட ஒரு கனத்த ரெஜிஸ்டர். தேதி, பிள்ளையின் பெயர், தகப்பன் தாய் பெயர், இருப்பிடம், தொழில், கடைசிக் கட்டத்தில் குருவின் கையெழுத்து. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயம் 1830 நவம்பர் 5ல் பிரதிஷ்டையானது. அதற்கு முன்னூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய, 1538 செப்டம்பரில், இந்த ரெஜிஸ்டரின் வம்சம் இங்கிலாந்தில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல்.

பள்ளிப் பாடத்தில் வரும் க்ராம்வெல் இவரல்ல. முதலாம் சார்லஸ் மன்னனின் தலை போகக் காரணமான ஆலிவர் அடுத்த நூற்றாண்டுக்காரர். தாமஸின் சகோதரி கேத்தரினுடைய மகன் ரிச்சர்ட் வில்லியம்ஸ் தாய்மாமன் பெயரைத் தன் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். அந்த வழியில் வந்தவர்தான் ஆலிவர்.

தாமஸ் பிறந்தது லண்டனுக்குப் பக்கத்தில் தேம்ஸ் கரையிலுள்ள பட்னி. அப்பா வால்டருக்குக் கொல்லுப்பட்டறை, பியர் காய்ச்சுதல், கம்பளித் துணி பதப்படுத்துதல் என்று பல தொழில். பிறந்த வருஷம் ஏறக்குறைய 1485 என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு கொல்லன் மகன் பிறந்ததை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஊர் ஊராகப் பிறப்பை எழுத வைத்த மனிதருக்கே பிறந்த தேதி இல்லை.

இளவயதிலேயே கடல் தாண்டிப் போய்விட்டார். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்து வட்டிக்கடைக் குடும்பம் ஒன்றோடும், ஆன்ட்வெர்ப்பில் துணி வியாபாரிகளோடும் பழகி மொழிகளும் கணக்கும் கற்றார். திரும்பி வந்து வக்கீல் தொழில், 1523ல் நாடாளுமன்றம், அப்புறம் அரசனின் அப்போதைய முதன்மை அமைச்சர் கார்டினல் வூல்ஸியிடம் வேலை. ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி கட்டுவதற்காக வூல்ஸி சுமார் முப்பது சின்ன மடங்களை மூடியபோது பத்திரம், குத்தகை, சொத்து மாற்றம் எல்லாம் பார்த்தவர் இவர்தான். பின்னால் பெரிய அளவில் செய்ததற்கு இதுவே பயிற்சி. 1529ல் வூல்ஸி சரிந்தார். இவர் சரியவில்லை, அடுத்த வருஷக் கடைசியில் அரசனின் ஆலோசனைச் சபையில் இருந்தார்.

1533லிருந்து 1536 வரை நடந்தவை வேகமானவை. ரோமில் போப்பிடம் மேல்முறையீடு கூடாது என்ற சட்டம் 1533. அரசனே திருச்சபையின் தலைவன் என்ற சட்டம் 1534. 1535ல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கத் திருச்சபை வருமானக் கணக்கெடுப்பு. ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலினின் திருமணமும் 1536 மே மாதத்து மரணமும் எல்லாரும் அறிந்த கதை. எனக்கு அதைவிட இந்தக் கணக்கெடுப்புதான் பெரியது. மாவட்டந்தோறும் கமிஷனர்கள் போய், நில வாடகை, தசமபாகம், காணிக்கை என்று வரவை எழுதி, கட்டாயத் தர்மத்தையும் சம்பளங்களையும் கழித்து, நிகர வருமானம் போட்டார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் அரசனுக்கு. அந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான் 1536ல் "வருஷத்துக்கு 200 பவுண்டுக்குக் கீழே உள்ள மடங்கள்" என்று சட்டத்தில் துல்லியமாகக் கோடு கிழிக்க முடிந்தது. 1540க்குள் ஏறக்குறைய 800 மடங்கள் இல்லாமல் போயின. மடத்தை நம்பி இருந்த ஏழைகளும் நோயாளிகளும் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு க்ராம்வெல்லை எப்படிப் புகழ்ந்தாலும் பதில் கிடைக்காது.

இப்போது ரெஜிஸ்டருக்கு வருவோம். 1538 ஆணை சொன்னது இது: ஒவ்வொரு சர்ச் சபைக்கும் ஒரு புத்தகம். ஞாயிற்றுக்கிழமை தோறும் குரு அதை வெளியே எடுத்து, சர்ச் வார்டன்கள் (சபையின் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பாளர்கள்) முன்னிலையில், குறைந்தது ஒருவராவது பக்கத்தில் இருக்க, போன வாரத்துத் திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். புத்தகத்தை வைக்க உறுதியான பெட்டி, செலவு சபையாருடையது. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி குருவிடம், இன்னொன்று வார்டன்களிடம். தனி ஆளாக யாரும் திறக்க முடியாது, தனி ஆளாக யாரும் ஒரு பெயரைச் சேர்க்கவோ அடிக்கவோ முடியாது. எழுதத் தவறினால் ஒவ்வொரு தடவைக்கும் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். அந்தப் பணம் அதே ஆலயத்தின் மராமத்துக்கு. ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், பவுண்டுக்கு 240. ஆக அபராதம் 40 பென்ஸ், சரியாக ஒரு பவுண்டில் ஆறில் ஒரு பங்கு.

ஜனங்கள் பயந்தார்கள். பிள்ளைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரி போடத்தான் பெயர் கேட்கிறான் என்று வதந்தி ஓடியது. வருமானத்தை எழுதிக்கொண்டு போய் மடத்தை மூடிய ஆள் அடுத்து பெயரை எழுதச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் க்ராம்வெல் காலத்தில் அந்த வரி வரவில்லை.

ஆணையில் இரண்டு ஓட்டை இருந்தது. வாரம் ஒரு முறை எழுதுவது என்றால், நடுவில் துண்டுச்சீட்டிலோ ஞாபகத்திலோ வைத்திருக்க வேண்டும். சீட்டு தொலைந்தால் பெயரும் தொலைந்தது. இரண்டாவது, ஒரே பிரதி, அதுவும் பெரும்பாலும் காகிதத்தில். அறுபது வருஷம் கழித்து, 1598ல்தான் தோல் ஏட்டில் எழுத வேண்டும், பழையதைப் பெயர்த்தெழுத வேண்டும், வருஷா வருஷம் பிஷப்புக்கு நகல் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. பெயர்த்தெழுதும்போது, எலிசபெத் அரசி பட்டமேறிய 1558லிருந்து எழுதினாலும் போதும் என்பது போல வாசகம் அமைந்துவிட்டது. அதனால் பல ஊர்களில் 1538லிருந்து இருபது வருஷத்துப் பெயர்கள் காணாமல் போயின. கட்டம் போட்ட அச்சுப் படிவம் 1812 சட்டத்தில் வந்தது. நம் மலைக்கு வந்து சேர்ந்தது அந்தச் சாயல்தான்.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். க்ராம்வெல் காலத்து மைக்கான சரக்கெல்லாம் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே உண்டு: பிள்ளைக்கு உரசிக் கொடுக்கும் மாசிக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, வேலம்பிசின். அந்த நூற்றாண்டில் அச்சான ஓர் அளவு 5 பங்கு மாசிக்காய், 3 பங்கு அன்னபேதி, 2 பங்கு பிசின். ஊறவைக்கத் தண்ணீருக்குப் பதில் ஒயின். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும், கழுவினாலும் போகாது. அன்னபேதி மிஞ்சினால் மை புளித்துக் காகிதத்தை அரிக்கும். 19ஆம் நூற்றாண்டு ரெஜிஸ்டர்களிலும் இதே வகை மைதான் அதிகம். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருந்தால் அது பூச்சியின் வேலை இல்லை, மையின் வேலை. ஊட்டி ஈரத்தில் இது சீக்கிரம் நடக்கும்.

க்ராம்வெல்லின் முடிவும் காகிதத்தால்தான். 1540 ஜனவரியில் அவர் ஏற்பாடு செய்த க்ளீவ்ஸ் நாட்டு ஆன் திருமணம் அரசனுக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரலில் எஸ்ஸெக்ஸ் பிரபு பட்டம், ஜூன் 10ல் ஆலோசனைச் சபை மேசையிலேயே கைது. விசாரணை கிடையாது, நாடாளுமன்றத் தீர்மானத்தாலேயே குற்றவாளி. முந்தைய வருஷம் சாலிஸ்பரி சீமாட்டிக்கு எதிராக இவரே பயன்படுத்திய வழி அது. சிறையிலிருந்து அரசனுக்கு எழுதிய கடிதம் "இரக்கம், இரக்கம், இரக்கம்" என்று முடிகிறது. ஜூலை 28ல் தலை போனது. அன்றே ஹென்றிக்கு அடுத்த கல்யாணம். கைதானபோது வீட்டுக் காகிதங்களை அரசாங்கம் அள்ளிக்கொண்டு போனதால், அவருக்கு வந்த கடிதங்கள் ஆயிரக்கணக்கில் தப்பின. அவர் எழுதி அனுப்பியவற்றில் மிஞ்சியது கொஞ்சம்.

மலையில் தேடுகிறவர்களுக்குச் சில விஷயம். ஞானஸ்நான தேதி பிறந்த தேதி ஆகாது, மாதங்கள் தள்ளி இருக்கும். அடக்க தேதியும் இறந்த தேதி ஆகாது. சொன்ன வருஷத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து வருஷம் பாருங்கள். தமிழ்ப் பெயர்களை எழுதிய குருமார் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதினார்கள். சின்னப்பனை 'சி'யிலும் தேட வேண்டும், 'எஸ்'ஸிலும் தேட வேண்டும். பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவர் பழைய பெயரில் ஓரிடத்திலும் புதுப் பெயரில் இன்னோரிடத்திலும் இருப்பார். தகப்பன் தொழிலும் எஸ்டேட் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அவர்தான் என்று முடிவு செய்யுங்கள்.

மெட்ராஸ் மாகாணத்து நகல்கள் லண்டனுக்குப் போயின, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்-2' வரிசையில் இருக்கின்றன. ஆனால் அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும். தோட்டத் தொழிலாளியின், படுகக் கிறிஸ்தவக் குடும்பத்தின் பெயருக்குப் பெரும்பாலும் இங்கே உள்ள புத்தகம்தான் ஒரே பிரதி. 1538ன் அதே ஓட்டை. ஆகவே ஆயரிடமும் கமிட்டியிடமும் அனுமதி வாங்கி, மூடுபனி மழை இல்லாத ஜனவரி, பிப்ரவரியில், உலர்ந்த கையோடு பக்கம் பக்கமாக ஃபோட்டோ எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். எடுத்த படங்களில் ஒரு செட் சர்ச்சில் இருக்கட்டும், இன்னொன்று மலைக்குக் கீழே வேறொரு ஊரில்.