நடு ஏரியில் எடுத்த மாதிரி

"சார், அந்த மூலையிலயும் ஒரு பாட்டில் எடுத்துக்கலாமா?"

"வேண்டாம்மா. அது மாதிரி ஆகாது."

ஏரியில் பாசியை எண்ணுவதற்கு நீர் மாதிரி எடுக்கப் போனபோது நடந்த பேச்சு இது. மூன்று வருடம் ஆகிவிட்டது. படகில் நானும் அப்படிக் கேட்ட அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்த திசைகூட இன்னும் நினைவிருக்கிறது. காற்று ஒதுக்கிய மூலையில் பச்சை பெயின்ட்டைக் கொட்டியது போல நீளமாக ஒரு படலம். நடு ஏரியில் அப்படி ஒன்றும் இல்லை. நீரின் தெளிவைப் பார்க்கக் கயிற்றில் கட்டி இறக்கும் செக்கி தட்டு ஒன்றரை மீட்டர் ஆழம் வரைக்கும் தெரிந்தது.

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மாதிரி என்று ஒன்றை எடுத்தால் அது ஏரி மாதிரி இருக்க வேண்டும். காற்று ஒரு மூலைக்குத் தள்ளிக் குவித்த இடத்தில் அள்ளினால், நடு ஏரியில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு பாசிகூட வரலாம். அதை ஏரியின் கணக்கு என்று எழுதினால் அதுதான் பொய். இதையெல்லாம் அன்றைக்கே அவளிடம் விளக்கினேன். தலையாட்டினாள். பாட்டிலில் பென்சிலால் 'வடகிழக்கு மூலை' என்று முன்பே எழுதி வைத்திருந்தாள். அதைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

எண்ணிப் பார்த்ததில் கண்ணாடி போன்ற ஓடு கொண்ட டயட்டம் என்ற நுண்பாசிதான் அதிகம், அப்புறம் பச்சைப்பாசிகள். நீலப்பச்சைப் பாசியில் ஒரு வகையான மைக்ரோசிஸ்டிஸின் கூட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. 'நீலப்பச்சைப் பாசி குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அந்த மூலையில் மீன்கள் மிதந்தன.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இடையில் நான்கு நாள் காற்றே இல்லை, வானமும் மூடியே கிடந்தது. வெயில் இல்லாவிட்டால் பாசி ஆக்ஸிஜன் தருவது குறையும், ஆனால் ராத்திரி முழுக்க அது சுவாசிப்பது நிற்காது. வெதுவெதுப்பான நீரில் ஆக்ஸிஜன் கரைவதே குறைவு. விடியும் நேரம்தான் எல்லாவற்றிலும் மோசமான நேரம். எந்தப் பாசி நிறைந்த ஏரியிலும் இது நடக்கும். அந்த மூலைப் படலம்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நானும் நிரூபிக்க முயலவில்லை.

முயலவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

அந்த ஒரு பாட்டில் இருந்திருந்தால் படலத்தில் இருந்தது என்ன என்றாவது தெரிந்திருக்கும். கணக்கில் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதியிருக்கலாம்.

இதைவிட என்னைக் குடைவது இன்னொன்று. மைக்ரோசிஸ்டிஸ் செல்லுக்குள் காற்று நிரம்பிய நுண்ணிய பைகள் உண்டு, அதனால்தான் அது மிதக்கிறது. பகல் வெளிச்சத்தில் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டு கனத்துக் கீழே இறங்கும். ராத்திரி அதைச் செலவழித்துவிட்டு மறுபடி மேலே வரும். காற்று அசையாத காலையில் ஏரியின் முகம் பச்சையாக இருப்பது அதனால்தான். ஜெர்மானியர் கிளேபான் 1895-லேயே இதற்கு ஒரு சோதனை செய்து காட்டினார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் காட்டுவேன். கனமான கண்ணாடிப் பாட்டிலில் வாய்வரை அந்தப் பச்சை நீரை நிரப்பி, கார்க்கை அடைத்து, அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. கலங்கலாக வெளிறியிருந்த பச்சை அந்த நொடியே கறுத்துத் தெளியும். கொஞ்ச நேரத்தில் துகள்கள் எல்லாம் அடிக்கு இறங்கிவிடும். அழுத்தத்தில் காற்றுப் பைகள் நொறுங்கிவிட்டன, அவ்வளவுதான்.

சரி, அன்றைய மாதிரிக்கு வருகிறேன். நீரில் பாசியைக் கெடாமல் வைக்கும் லுகால் அயோடின் கரைசலை விட்டு, இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, மேல்நீரைக் குழாயால் எடுத்துவிட்டு, அடியில் தங்கியதைத்தான் எண்ணுகிறோம். காற்றுப் பை நொறுங்காத கூட்டங்கள் அடியில் தங்காது, மேலேயே மிதக்கும். மேல்நீரோடு அவையும் போய்விடும். அதனால்தான் முதலில் அழுத்தம் கொடுத்து அமிழ்த்த வேண்டும். அன்றைக்கு நான் அதைச் செய்தேனா? வழக்கமாகச் செய்வேன். குறிப்பேட்டில் எழுதியிருக்கவில்லை. எனக்கும் நினைவில்லை. அவளுக்குச் 'சரியான மாதிரி' பற்றி வகுப்பெடுத்துவிட்டு, அந்தச் சரியான மாதிரியிலிருந்தே பாதியை நான் கொட்டியிருக்கலாம்.

நாங்கள் எல்லோரும் படித்த படம் ஒன்று உண்டு. கனடாவில் 226 என்று எண்ணிட்ட ஏரியை 1973-ல் நடுவே திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரிமமும் நைட்ரஜனும் மட்டும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டது. அந்த வான்படம் பாஸ்பரஸைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தது. திரையே இல்லாமல் ஒரு காற்று ஏரியை இரண்டாக்கிவிடும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. அமெரிக்காவின் ஈரி ஏரியில் 2014 ஆகஸ்டில் நச்சுப் பாசித் திரள் டொலிடோ நகரம் குடிநீர் எடுக்கும் பக்கம் வந்து சேர்ந்தபோது, 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் எடுக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு ஏரியின் சராசரி பதில் சொல்லாது.

ஆற்றில் வேலை செய்யும் நண்பர்களைப் பார்த்தால் சில சமயம் பொறாமையாக இருக்கும். கல்லில் ஒட்டிய டயட்டத்தைச் சுரண்டி எடுக்கிறார்கள். அது இடம் மாறாது. சில வாரங்களாக அந்த நீர் எப்படி இருந்தது என்பது அந்தக் கல்லின் மேலேயே இருக்கும். கடலோரக்காரர்களின் பாடு எங்களுடையதைவிட மோசம், காற்றோடு நீரோட்டமும் ஓதமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒரு பெருவெள்ளத்தில் கல்லும் உருண்டு சுத்தமாகிவிடும் என்று ஆற்று நண்பர் சொல்வார். எனவே இதிலும் நான் நினைப்பது முழுதாகச் சரியில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையனை நானே ஓரத்துக்கு அனுப்பினேன். தண்ணீரில் மஞ்சள்பச்சையாக ஒரு படலம் தெரிந்தது. எடுத்து வந்து பார்த்தால் முழுக்க மகரந்தத் தூள். ஒரு மத்தியானம் முழுக்க அவன் அதில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு முடிக்க வேண்டிய இரண்டு மாதிரிகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. நடு ஏரியில் எடு என்று விதிமுறையை எழுதியவர்கள் காரணம் இல்லாமல் எழுதவில்லை என்று மறுபடி தோன்றியது.

அடுத்த முறையும் மூலையில் எடு என்று அவனிடம் சொன்னேன். படிவத்தில் அதற்கு இடமில்லையே சார், எங்கே எழுதுவது என்று கேட்டான்.

பின்பக்கம் எழுது என்றேன்.